டிக்கியில் ஆரஞ்சு

கார் டிக்கியில் ஆரஞ்சுச் சட்டையைக் கண்டதும் லொரெய்னுக்குப் பகீரென்றது. எதிரிக் கல்லூரியின் நிறம்! இருபத்திரண்டு வருடம் ஃபுட்பால் கோச்சாக இருந்த அவள் கணவர் வெர்னனை, உள்ளூர்ச் சிவப்புச் சட்டைக் கல்லூரி போன மாதம்தான் வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

“புது வேலை கிடைச்சிருச்சா, வெர்னன்?”

“ம்... பக்கத்துலதான்.”

“எந்த டீம்?”

“எல்லாம் புதுப் பசங்க,” என்று நழுவினார்.

“அவனுங்ககிட்டயா போய்ச் சேர்ந்த? இனி ஊர்க்காரங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

வெர்னன் டிக்கியை மூடிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை தன் காரில் அவரைப் பின்தொடர்ந்தாள். தொடக்கப்பள்ளி முனையில் இறங்கிய வெர்னன், ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, நடுரோட்டில் நின்று விசில் ஊதினார். லாரிகள் நின்றன.

“ஓடாதீங்கடா! வரிசையா வாங்க!”

குட்டிப் பிள்ளைகள் சாலையைக் கடந்தார்கள்.

லொரெய்ன் கண்ணைத் துடைத்தாள். கார்க் கண்ணாடியை இறக்கிக் கத்தினாள்: “ஏய்யா, அந்தச் சட்டை சிவப்புல கிடைக்காதா?”