படத்தில் இருந்த மீசை

நினைவுப்படம் ஒன்று கிடைத்துவிட்டால் வேறு சாட்சியே வேண்டாம் என்று ஆகிவிட்ட காலம். பவுலின் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, மடியிலிருந்த கைத்திரையில் அந்தப் படத்தை மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தாள். கொலையை நேரில் பார்த்த பூக்கார அம்மா ஒருத்தியின் ஞாபகத்திலிருந்து மெஷின் எடுத்தது. நகைக்கடைக்காரரைக் குத்திவிட்டு ஓடுகிறவன், கத்தியோடு திரும்பிப் பார்க்கிறான். அவள் புருஷன் ஜெபராஜின் முகம், அச்சு அசலாக.

"மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

"சார், இதுல அவருக்கு மீசை இருக்கு. அதை எடுத்து வருஷக்கணக்காச்சு. இப்போ அவரோட அடையாள அட்டை போட்டோவுலதான் அந்த மீசை இருக்கு."

"அந்தப் போட்டோவைத்தானே காட்டினோம்! அந்தம்மாவுக்கு முதல்ல முகமே ஞாபகம் வரலை. கடையில முன்னாடி வேலை பார்த்தவர்னு இவர் போட்டோவைக் காட்டினதுக்கு அப்புறம்தான் படம் இவ்வளவு பளிச்சுனு வந்துச்சு."

பவுலின் மறுபடி குனிந்து பார்த்தாள். திரையில் அவன் மறுபடியும் ஓடினான், மறுபடியும் திரும்பிப் பார்த்தான்.

"பவுலின்" என்று ஜெபராஜ் கம்பிக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டான். நிமிர்ந்தவள் சட்டென்று பின்வாங்கினாள். அவன் கையிலிருந்த தண்ணீர் டம்ளர், ஒரு கணம் அவளுக்கும் கத்தியாகத்தான் தெரிந்தது.