வளராத தட்டு

ஈஸ்ட்டில் ஒரு குறிப்பிட்ட மரபணுவை நீக்கிவிட்டால் அது வளராது. அதே இடத்தில் அதற்கு இணையான மனித மரபணுவை வைத்தால், அது பழுதில்லாததாக இருந்தால் மட்டும் மறுபடி வளரும். அந்த மரபணுவின் பழுதால் அப்பாவைக் கொண்டுபோன நோய் தம்பிக்கும் வருமா என்று எங்கள் ஆய்வகத்தில் இப்படித்தான் பார்த்தேன்.

"ரொட்டிக்குப் போடுற ஈஸ்ட்டா அக்கா என் தலையெழுத்தைச் சொல்லப்போகுது?" என்று சிரித்துக்கொண்டே வந்தான்.

மேசையில் ஈஸ்ட் வளர்க்கும் இரண்டு கண்ணாடித் தட்டுகள். இடது தட்டில் வெள்ளைப் புள்ளிகள் நெருக்கமாக வளர்ந்திருந்தன. வலது தட்டில் ஒன்றுகூட இல்லை.

"என்னோடது எது அக்கா?"

"இடது."

நாற்காலியில் சரிந்து குலுங்கி அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ வலது யாரோடது?" என்றான்.

"யாரோ. எண் மட்டும்தான் தெரியும்."

"பாவம்கா. மருந்தே இல்லாத நோய். அவங்ககிட்ட மறைக்காம சொல்லிடு" என்றவன், கல்யாணத் தேதியை முடிவு செய்ய ஓடினான்.

மூடிகள் மாறிப்போகும் என்பதால் தட்டின் அடியில்தான் பெயர் எழுதுவோம். அவன் வருவதற்கு முன் பார்த்ததுபோலவே, பதிவேட்டில் குறிக்க இரண்டையும் மறுபடி கவிழ்த்தேன். இடது தட்டில் இருந்தது, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த என்னுடைய மரபணு. வலது தட்டின் அடியில் என் கையெழுத்தில் 'தம்பி' என்றிருந்தது.