கரையிறங்கும் நாள்

“நான் இன்னிக்கு இறங்கல,” என்றார் கமாண்டர் வின்டன்.

அவருடைய வழியனுப்பு விருந்துக்காக விடிவதற்கு முன்பிருந்து ஆட்டுக்கறி ஸ்டூவைக் கிளறிக்கொண்டிருந்த எனக்கு எப்படி இருக்கும்? கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் அரிசோனா பாலைவனத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் கிடையாது. ஆனாலும் இந்த ஆஸ்பத்திரியில் பொது சுகாதாரப் படை ஆபீசர் ஓய்வு பெற்றால், கப்பலிலிருந்து இறங்குவதுபோலத்தான் வழியனுப்புவோம். துப்பாக்கி தொடாத படை. டாக்டர், நர்ஸ், மருந்தாளர்தான். உடுப்பும் சடங்கும் மட்டும் கடற்படை மாதிரி. இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், ஒருவர் விசில் ஊதுவார், ‘கரையிறங்க அனுமதி வேண்டும்’ என்று கேட்டுவிட்டு நடுவில் நடந்து போக வேண்டும்.

வின்டன் மருந்தகத்துக்குத் தலைவர். நான் அங்கே ஜன்னலில் டோக்கன் கொடுப்பவள். மனுஷன் ஓரிகன் கடற்கரையில் வீடு வாங்கி, மனைவியை முன்னாலேயே அனுப்பிவிட்டு, மருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் படகு போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார். கடைசி நேரத்தில் ஓய்வு வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். ஏன் என்று கேட்டால், “அப்புறம் சொல்றேன், வெர்னா,” என்று நழுவிவிட்டார்.

ஸ்டூ போனால் போகிறது. லெனோராவை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

லெனோரா அவருக்கு அடுத்த மருந்தாளர். எங்கள் நவஹோ பழங்குடியின் குல வழக்கப்படி எனக்குத் தங்கச்சி முறை. இந்தப் படையில் உடுப்பு போட்டு இருபது வருஷம் முடித்தால்தான் ஓய்வூதியம். ஒரு மாதம் குறைந்தாலும் ஒன்றும் கிடையாது. அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. அதற்கு முன்னால் எங்கள் இனத்தாரின் சொந்த கிளினிக்கில் மாடாக உழைத்தாளே, அது கணக்கில் வராது. வின்டன் இளவயதில் கடற்படையில் தட்டு கழுவியது மட்டும் வருமாம். அவருக்கு இருபது எப்போதோ தாண்டிவிட்டது. இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

இது போதாதென்று போன வாரம் மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. வடக்கே பனி கொட்டுகிற ஊரில் ஒரு ஜெயில் ஆஸ்பத்திரியில் மருந்தாளர் இல்லை. எங்களிடமிருந்து உடுப்பு போட்ட ஒருவரை அனுப்ப வேண்டுமாம். கைகாட்டின ஆள் போயே தீர வேண்டும், மாட்டேனென்றால் வேலையை விட வேண்டியதுதான்.

உடுப்பு போட்ட மருந்தாளர்கள் இங்கே இரண்டே பேர், வின்டனும் லெனோராவும். லெனோராவின் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மண் ரோட்டில் மகள்தான் வண்டியோட்டிக் கூட்டிப் போக வேண்டும். அந்தம்மாவை விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்?

வின்டன் இறங்கிவிட்டால் மிஞ்சுவது லெனோரா ஒருத்தி. இருக்கிற ஒருத்தியையும் பிடுங்க மாட்டார்கள் என்று நாங்கள் தைரியமாக இருந்தோம். இப்போது அவர் போகவில்லையென்றால் கதையே வேறு. இரண்டு பேரில் சின்னவளைத்தானே தூக்கியடிப்பார்கள்.

வரிசையில் நிற்க வந்தவர்கள் சாப்பிட மட்டும் வரிசையில் நின்றார்கள். நாற்காலி ஆசை யாரை விட்டது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நானும் இரண்டு சேர்த்துத்தான் சொன்னேன். அந்த நேரம் பார்த்து வின்டன் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

“தீர்ந்துபோச்சு, கமாண்டர்.”

பானையில் பாதி இருந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, காலிக் கிண்ணத்தோடு போய்விட்டார்.

மத்தியானம் லெனோரா முகம் சிவக்க அவர் அறைக்குள் போனாள். ஏடாகூடமாக ஏதாவது ஆகிவிடப் போகிறதென்று நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் சுவரிலிருந்து படங்களைக் கழற்றி அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“உங்க நாற்காலியை நீங்களே வச்சுக்கங்க, கமாண்டர். என்னால எங்கம்மாவை விட்டுட்டுப் போக முடியாது. இன்னிக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன்.” அத்தனை வருஷ உழைப்பும் மண்ணாகப் போகிறதே என்று எனக்கு அழுகை முட்டியது.

“நாற்காலி உனக்குத்தான். உக்காரு முதல்ல,” என்றார் அவர். “நான் ஜெயிலுக்குப் போறேன்.”

“நீங்களா?” என்றாள் லெனோரா.

“உனக்குப் பதிலா என்னை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தேன், மேலிடத்துல இப்பத்தான் சரின்னு சொன்னாங்க. அதுக்கு முன்னாடி சொல்லி உனக்கு ஆசை காட்ட வேண்டாம்னு இருந்தேன்.”

“இருபது முடிஞ்சு, வீடும் படகும் காத்திருக்கிற மனுஷன், பனியில போய் என்ன பண்ணப் போறீங்க?” என்று நான்தான் கேட்டேன்.

அவர் படகு போட்டோவையும் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

“இங்க ஆள் இருக்கா இல்லையான்னு அவங்களுக்குக் கவலையே இல்ல, வெர்னா. நான் இறங்கிட்டா அவங்க கூப்பிட இவ ஒருத்தி பேர்தான் மிச்சம். கப்பல்ல இருக்கிறவனைத்தான் வேற இடத்துக்கு அனுப்ப முடியும். அதான் இறங்கல.”

நான் சமையலறைக்குப் போய் ஸ்டூப் பானையை அப்படியே அவர் மேஜைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன்.