பெயர் நீக்கம்

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர் விவரங்கள் திருடுபோய்விட்டதாகக் குறுஞ்செய்தி வந்ததும் இஃப்ஃபத் பாஸ்வேர்டை மாற்றினாள். வங்கிக்கும் தகவல் சொன்னாள். தன் விவரங்களில் எவை போயின என்று கேட்கும் உரிமை உண்டென்று படித்தவள், நிறுவனத்துக்குப் போன் செய்தாள்.

எதிர்முனையில் ஒரு பெண் நிதானமாக வாசித்தாள். "முல்லா வீதி வீடு. திருடுபோன பட்டியல்ல குடும்பத்துல நாலு பேரு. ஃபஹீம், இஃப்ஃபத், அரீபா, ஹமீதா."

"நாங்க மூணு பேருதாங்க. ஹமீதான்னு யாருமே இல்ல. அந்தப் பேர எடுத்துடுங்க."

"நீக்கச் சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு மேடம். ஆனா நேத்தே ஒருத்தர் கேட்டுட்டாங்க."

"யாரு?"

"ஹமீதா. உங்க பேர எடுக்கச் சொன்னாங்க. உங்க வீட்லேர்ந்துதான் கேட்டிருக்காங்க, ஓடிபி சரியா இருந்துச்சு. இன்னைக்கு எடுத்துட்டோம்."

மேட்டுப்பாளையத்தில் வேலை முடிந்து கணவன் ஃபஹீம் வந்தான். மகள் அரீபா மூன்று தட்டுகளை வைத்தாள். இஃப்ஃபத் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

அரீபா மிரண்டுபோய் அத்தா ஃபஹீமின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க உக்காராதீங்க ஆன்ட்டி. அது அம்மா இடம்."

அடுப்படியில் யாரோ சோற்றை வடிக்கும் சத்தம் கேட்டது.