சிவப்புப் புள்ளி

சுவர்த் திரையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. யாரோ ஆம்புலன்ஸுக்கு அழைத்திருக்கிறார்கள்.

அழைப்பு டிரைவருக்குப் போய்ச் சேர்ந்ததும் புள்ளி பச்சையாகும். ஒரு விநாடியில் ஆக வேண்டியது, இரண்டு வாரமாக ஆறு விநாடி ஆகிறது.

மூச்சுத் திணறுகிறவருக்கு அந்த ஐந்து விநாடி பெரிது. காலையிலிருந்து மேலாளர் இதை நாலு தடவை சொல்லிவிட்டார்.

தாமதம் எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு வழி இருந்தது.

புரோகிராமின் ஒவ்வொரு பகுதியிலும் நுழையும்போதும் வெளியேறும்போதும் நேரம் குறிக்க வேண்டும் என்றான் பக்கத்து இருக்கைக்காரன். எதற்கெடுத்தாலும் நேரம் பார்ப்பவன். அலுவலகத்தில் அவன் பெயரே கடிகாரம். அவன் வழியில் எதுவும் தப்பாது. ஆனால் குறிக்கிற வேலையாலேயே ஒவ்வொரு அழைப்பும் இன்னும் இரண்டு விநாடி பிந்தும்.

இன்னொரு வழி, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை விநாடிக்கு நூறு தடவை எட்டிப் பார்ப்பது. அந்தக் கணம் புரோகிராமின் எந்த வரி வேலை செய்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம். யாருக்கும் தாமதமில்லை.

“நீ என்னம்மா சொல்றே?” மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

எட்டிப் பார்த்தால் போதும் என்றேன். உயிருக்குப் போராடுகிறவர்களை நம் ஆராய்ச்சிக்காகக் காக்க வைக்கக் கூடாது என்றும் சொன்னேன். குரல் நடுங்கியது. இரக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கடிகாரம்கூடத் தலையாட்டினான்.

அரை மணி நேரம் எட்டிப் பார்த்தோம். நேரம் தின்கிற ஒரு வரியும் மாட்டவில்லை. பழியை நெட்வொர்க்காரர்கள் தலையில் போட்டு மேலாளர் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

மறுபடி சிவப்பு.

கடிகாரம் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அதெப்படி, ஒவ்வொரு தடவையும் சொல்லி வெச்ச மாதிரி சரியா அஞ்சு செகண்டே லேட்டாகுது?”



எட்டிப் பார்த்தால் வேலை செய்கிற வரிதான் தெரியும். சும்மா காத்திருக்கிற வரி தெரியாது.

‘ஐந்து விநாடி காத்திரு.’ இரண்டு வாரத்துக்கு முன்னால் அலுவலகத்தைச் சுற்றிப் பார்க்க விருந்தினர்கள் வந்தபோது, சிவப்பு ஒரே விநாடியில் மறையாமல் அவர்கள் கண்ணில் படட்டும் என்று நான் சேர்த்த வரி. அவர்கள் கிளம்பியதும் எடுக்க மறந்துவிட்டேன். இனி சத்தமில்லாமல் எடுக்கவும் முடியாது; யார் எதை மாற்றினாலும் பெயர் பதிவாகிவிடும்.

அந்த வரி எனக்கு நினைவுக்கு வந்தது இன்று காலைதான். மேலாளர் முதல் தடவை ‘அஞ்சு செகண்ட்’ என்று சொன்னபோது.

புள்ளி இன்னும் பச்சையாகவில்லை.