இந்த வாரமும் சரியாகவில்லை

தமயந்தி மூன்றாவது முறையாகச் சாத்தூருக்குப் போன் போட்டாள். மேனேஜர் வருவதற்குள் அங்கிருக்கும் வாடிக்கையாளர் செல்லப்பாண்டி எடுத்தாக வேண்டும்!

கம்பெனியின் காதுக்கருவியை வாங்கியவர்களுக்கு வெள்ளிதோறும் வாட்ஸ்அப்பில் அவள்தான் கடிதம் எழுதுவாள். ‘மிக்ஸி ஓடினால் பேச்சு கேட்காத கோளாறு இந்த வாரமும் சரியாகவில்லை’ என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவாள்.

“முடியல முடியலன்னு தண்டோரா போட்டா எவன் இருப்பான்? ஒருத்தர் ஓடினாலும் உன் வேலை போச்சு” என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

‘நிதானமா செய்யுங்க தாயி’ என்று வாராவாரம் முதல் ஆளாகப் பதில் போடுகிறவர் செல்லப்பாண்டி. இன்று காலை, புது சாஃப்ட்வேர் அனுப்பியாச்சு, கோளாறு தீர்ந்துவிட்டது என்று எழுதியதற்கு மட்டும் அவரிடமிருந்து பதிலே இல்லை.

போனை எடுத்துவிட்டார். பின்னால் மிக்ஸி அலறியது.

“ஐயா! கேக்குதா?”

“எதுக்குத் தாயி கத்துறே? கணீர்னு கேக்குது.”

தமயந்திக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்போ நம்ம மெஷின் ஜெயிச்சிருச்சுய்யா!”

மிக்ஸி நின்றது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அதைப் பெட்டியில வச்சு அஞ்சு மாசம் ஆச்சு தாயி. இது வேற கம்பெனி. சொன்னா உன் கடுதாசி நின்னுருமேன்னுதான் வாயைத் திறக்கலை.”