கல்லில் செதுக்கிய மணல்

படுத்த படுக்கையாகிவிட்ட கௌஸ் மைதீனுக்குக் காட்டுவதற்காக, அவர் மனைவி கைருன் பீவி தினமும் சாயங்காலம் பழவேற்காட்டு டச்சுக்காரர் கல்லறைகளையும் இடுக்கில் முளைத்த செடிகளையும் போனில் படமெடுத்து வருவாள். ஒரு கல்லில் மணற்கடிகாரம் செதுக்கியிருந்தது.

"இன்னா கைருன், மேல் குப்பியில மணலு கொறைஞ்சிக்கினே வருது?" என்றார் அவர்.

"கல்லுல செதுக்குனது எப்படிங்க கொறையும்?"

பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். குறைந்துதான் வந்திருந்தது.

மறுநாள் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தாள். வெயிலில் சுட்டது. மேல் குப்பியில் ஒரு சிட்டிகைதான் மிச்சம். படமெடுத்தாள்.

"இன்னிக்கி எடுத்தத காட்டு," என்று அவர் கையை நீட்டினார்.

மணல் நிறைந்த குப்பி மேலே வரும்படி போனைத் தலைகீழாகப் பிடித்துக் கொடுத்தாள்.

படம் தானாகச் சுழன்று நேராக நின்றது.